எஸ்தர் டீச்சர் வீட்டில் என் பெட்டி

நவம்பர் 3, ஞாயிறு

காலையில் குக்கரைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறினேன். பிறகு குக்கரைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன். கழித்துப் பார்த்தால் குக்கரின் எடை. இடையில் என் எடையும் தெரிந்துபோனது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

விஷயம் இதுதான். பணகுடியில் உட்கார்ந்துகொண்டு, ஊரைச் சுற்றியுள்ள காற்றாலைகளைக் கம்ப்யூட்டரில் கண்காணிக்கிற வேலை எனக்கு. அந்தக் கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு டென்மார்க்குக்கு அனுப்புகிறது. இருபத்தாறாம் தேதி விமானம். குடும்பத்தோடு வரலாம், வீடும் தருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். இதுவரை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. மகள் அமுதினி ஐந்தாவது படிக்கிறாள். "அப்பா வந்தா நானும் வாரேன்" என்கிறாள். ஆக வீட்டில் இரண்டு ஓட்டும் ஒரே சின்னத்துக்குத்தான்.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை. யோசித்துச் சொல்லட்டும். இப்போதைக்கு என் கவலையெல்லாம் மூன்று லிட்டர் குக்கரை எடுத்துப் போவதா, ஐந்து லிட்டரா என்பதுதான். ஐந்து லிட்டரைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறியபோது இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒருத்திக்கு எதுக்குட்டி அஞ்சு லிட்டர்?"

நியாயமான கேள்வி. நான் குளிக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டி காலியாகும்வரை குளித்ததாக அமுதினி புகார் சொல்கிறாள்.

நவம்பர் 5, செவ்வாய்

டென்மார்க்கில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்த ஆபீஸ் நண்பரிடம், அவசியம் எதைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டேன். குளிருக்கு ஸ்வெட்டர், ஷூ என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மக்கு."

"என்னது?"

"பாத்ரூம் மக்கு. பிளாஸ்டிக் மக்கு. அங்க கிடையாது. எல்லாம் காயிதம்தான். நான் போன மொத வாரம் டீ கப்பை வச்சிச் சமாளிச்சேன். அந்தக் கப்புல பொறவு டீ குடிக்க மனசு வரல."

சாயங்காலமே கடைக்குப் போய் நீல நிறத்தில் ஒன்று வாங்கினேன். ஒன்றுதான் வாங்கினேன். பிறகு பாதி வழியில் திரும்பிப் போய் இன்னும் இரண்டு வாங்கினேன். மலிவுதானே.

நவம்பர் 9, சனி

இதுவரை முடிவானவை: இரும்புத் தோசைக்கல் (போகும்). இட்லித் தட்டு (போகும்). அரிவாள்மனை (போகாது. விமானத்தில் ஏற்றினால் நானும் போக மாட்டேன்). இலவம்பஞ்சுத் தலையணை (அமுக்கினால் போகும்). தேங்காய்த் துருவி (போகும், ஆனால் அங்கே தேங்காய் உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை). பனையோலை விசிறியை அமுதினி கொண்டுவந்து வைத்தாள். காற்றை வைத்தே பிழைக்கிற ஊருக்கு விசிறி எதற்கு என்று சொல்லி எடுத்துவிட்டேன்.

சாப்பாட்டுத் தட்டு விஷயத்தில்தான் கொஞ்சம் இழுபறி. அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு இவரிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"தட்டு ஒண்ணு வைக்கட்டா, மூணு வைக்கட்டா?"

இவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனா நின்றது.

"இப்போதைக்கு ஒண்ணு வையி" என்றார்.

சரிதான். கணக்கு வாத்தியார் அல்லவா. நானும் ஒன்றையே வைத்தேன். எவர்சில்வர் தட்டு கனம் கூட இல்லை. மூன்றாக இருந்தால்தான் கனம்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. எதையும் கட்டவில்லை.

நவம்பர் 14, வியாழன்

இன்றைக்கு இவராகவே பேச்சை எடுத்தார். அமுதினி ட்யூஷனுக்குப் போயிருந்தாள். நான் மிளகாய்ப் பொடி டப்பாவுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார். டேப்பின் நுனியை எனக்குப் பிடித்துக்கொடுத்தார்.

"வடிவு, நான் என்ன செய்யட்டும்? நீ சொல்லேன்."

இவருக்கு இங்கே நல்ல பெயர். தெருவில் இறங்கினால் "சார் வணக்கம்" சொல்லாமல் யாரும் போவதில்லை. பால்காரர்கூட இவரிடம் படித்தவர். இதையெல்லாம் விட்டுவிட்டு வா என்று நான் எப்படிச் சொல்வது? பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

"என் இஷ்டமா?"

"ஆமா. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலியே. இருந்தாலும் சரி, வந்தாலும் சரி."

இவர் டேப்பை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எவ்வளவு சுதந்திரம் கொடுத்திருக்கிறேன்! வேறு யாராவது கொடுப்பார்களா? முகத்தில் ஒரு சந்தோஷத்தையும் காணோம்.

நவம்பர் 17, ஞாயிறு

கார்த்திகை பிறந்துவிட்டது, கூடவே பஞ்சாங்கமும் வெளியே வந்துவிட்டது. இவர் அல்ஜீப்ராவையும் பஞ்சாங்கத்தையும் ஒரே மரியாதையோடு நம்புகிறவர். என் விமான நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கு வடக்கே சூலம், வடக்கு நோக்கிப் புறப்படக் கூடாது. டென்மார்க் வடமேற்கே இருக்கிறதாம். அட்லஸில் ஸ்கேல் வைத்தே பார்த்துவிட்டார்.

"பாலைக் குடிச்சிட்டுக் கெளம்புனா சூலதோஷம் போயிரும்னு நீங்கதானே சொல்லுவீய?" என்றேன்.

"அது தென்காசி போறதுக்கு. கண்டம் விட்டுக் கண்டம் போறதுக்குப் பாலு பத்தாது. பரஸ்தானம் வைக்கணும்."

பரஸ்தானம் என்றால் வேறொன்றுமில்லை. நாம் போகிற நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் நம் சாமானை எடுத்துக்கொண்டுபோய், போகும் திசையில் உள்ள ஒரு வீட்டில் வைத்துவிட வேண்டும். சாமான் வாசலைத் தாண்டிய நேரமே நாம் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் எந்த நாளில் போனாலும், போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: வெளியே போன சாமான் திரும்ப வீட்டுக்கு வரக் கூடாது. வியாழக்கிழமை பூச நட்சத்திரம், அருமையான நாள் என்கிறார்.

எல்லாம் சரி. எங்கள் வீட்டுக்கு வடமேற்கே இருப்பது ஒரே ஒரு வீடு. எஸ்தர் டீச்சர் வீடு. ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தனியாக இருக்கிறார். மதிலுக்கு மேலே நீண்டிருந்த அவர் வீட்டு முருங்கைக் கொப்பை நான் வெட்டச் சொன்னதிலிருந்து மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"வேற திசையில வைக்க முடியாதா?"

"திசையை நாமளா மாத்த முடியும்?" என்றார் இவர்.

நவம்பர் 18, திங்கள்

போனேன். என்ன செய்ய.

எஸ்தர் டீச்சர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பரஸ்தானத்தை விளக்கினேன். வேதக்கார வீட்டில் போய் சூலத்தையும் பூச நட்சத்திரத்தையும் விளக்குவது சுலபமான வேலை இல்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"பெட்டி எம்புட்டுப் பெருசு?"

கையை விரித்துக் காட்டினேன்.

"ஹால்ல வையி. எங்க பாஸ்டர் ஐயா கேட்டாவன்னா ஊருக்குப் போற பெட்டின்னு சொல்லிக்கிடுதேன். பொய் இல்லையே. காப்பி குடிக்கியா?"

குடித்தேன். சீனி அதிகம். சொல்லவில்லை.

நவம்பர் 21, வியாழன்

காலை, நல்ல நேரத்தில், பெட்டி புறப்பட்டது. இவர் முன்னால், பெட்டி நடுவில், நான் பின்னால், அமுதினி குடை பிடித்துக்கொண்டு ஓரத்தில். மொத்தப் பயணம் இருபதடி. எஸ்தர் டீச்சர் ஹாலில், ஏசுநாதர் படத்துக்குக் கீழே, பெட்டியை நிறுத்தினோம். திரும்பி வந்து வீட்டைப் பார்த்தால், மூலையில் பெட்டி இருந்த இடம் மட்டும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றி இரண்டு வாரத் தூசி.

சாயங்காலம்தான் நினைவு வந்தது. இட்லித் தட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன், இங்கே மாவு பொங்கி நிற்கிறது. போய் எடுத்துவரட்டுமா என்றேன். இவர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டார். "போனது போனதுதான்" என்றார். நான்கு நாளும் இனி தோசைதான். தோசைக்கல்லும் உள்ளேதான் இருக்கிறது என்பது மாவைக் கரைத்த பிறகு தெரிந்தது. வாணலியில் ஊற்றினேன், அதற்குப் பெயர் தெரியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

நீல மக்குகள் மூன்றும் இங்கேயே நின்றுவிட்டன. அவற்றை வைக்கலாம் என்று எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறந்தால் மேலாக ஒரு வேட்டி, ஒரு கட்டம்போட்ட சட்டை. அதற்கடியில் அமுதினியின் மஞ்சள் கவுன். நான் வைக்கவில்லை.

"சார் நேத்து சாயங்காலம் வாக்கிங் போற வழியில வந்து வச்சாவ" என்றார் எஸ்தர் டீச்சர். "தம்மோட சாமான் உள்ள இருந்தா தாமும் பொறப்பட்டதாக் கணக்குன்னு சொன்னாவ. ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடை வேறு கூடுகிறதே என்று எரிச்சல்தான் வந்தது. சட்டையை உதறி, மடித்து, மக்குகளுக்கு நடுவில் நசுங்காதபடி வைத்தேன். திரும்பி வரும்போது நான் ஏதோ பாடிக்கொண்டு வந்தேன் என்று அமுதினி சொல்கிறாள். மழை விட்டிருந்தது, அதனால் இருக்கும். ராத்திரிக்குப் பாயசம் வைத்தேன். பால் மிஞ்சியிருந்தது.

இவரிடம் நானாக ஒன்றும் கேட்கவில்லை. சொல்லும்போது சொல்லட்டும்.

நவம்பர் 23, சனி

பெட்டியில் வேட்டி இல்லை. சட்டை இல்லை. கவுனும் இல்லை. பார்த்தால், ஹாலில் பிரம்பு நாற்காலியில் மூன்றும் மடித்து அடுக்கியிருந்தன.

"காலைல வந்தாவ. வெளிய எடுத்தாவ. கொஞ்ச நேரம் கையில வச்சிக்கிட்டு நின்னாவ. வீட்டுக்கும் திருப்பிக் கொண்டு போவக் கூடாதாமே, அதனால நாற்காலியில வச்சிட்டுப் போயிட்டாவ" என்றார் எஸ்தர் டீச்சர். "எனக்கு உக்கார எடமில்லாம நான் கட்டில்ல உக்காந்து பேப்பர் படிக்கேன். உள்ளயா வெளியவான்னு சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கப்பா."

மிளகாய்ப் பொடி டப்பாவின் டேப் சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்டுவிட்டது. எஸ்தர் டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டேன். இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, மிளகாய்ப் பொடிக்கெல்லாம் நேரமில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

களக்காட்டில் இவருடைய மாமா மகனுக்குக் கல்யாணம். காலையில் நான் பட்டுப்புடவையோடு நிற்கிறேன், இவர் லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறார்.

"வரலியா?"

"பத்திரிகைய வாட்ஸப்புல அனுப்பிருக்கான். நேர்ல வந்து ஒரு வார்த்தை கூப்பிடல. மொறையாக் கூப்பிடாத எடத்துக்கு நான் எப்படிப் போவேன்?"

"சொந்த மாமா மவன்தானே?"

"சொந்தம்னாத்தான் கூப்பிடணும். அந்நியன்னா பரவால்ல."

அசைக்க முடியவில்லை. இவர் எப்போதும் இப்படித்தான். ஆள் வந்து, தட்டு நீட்டி, "குடும்பத்தோட வரணும்" என்று சொன்னால் அடைமழையிலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். சொல்லாவிட்டால் அடுத்த தெருவுக்கும் போக மாட்டார். போகவில்லை என்று சந்தோஷப்படவும் மாட்டார். நாள் முழுக்க, இந்நேரம் தாலி கட்டியிருப்பான், இந்நேரம் பந்தி போட்டிருப்பான் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கோபத்தில் பட்டுப்புடவையோடேயே எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று கேட்டேன். நாற்காலியில் அந்த வேட்டியும் சட்டையும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன. டீச்சர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன்.

"சார் செஞ்சது சரிதான்" என்றார். "மூணு வருசத்துக்கு முந்தி நீங்க வீடு பால் காய்ச்சுனப்ப என்ன செஞ்சிய? பிள்ளை கையில கார்டைக் குடுத்து மதிலுக்கு மேல நீட்டச் சொன்னிய. நான் சேலை எடுத்து இஸ்திரி போட்டு வச்சிருந்தேன், நீ ஒரு எட்டு வந்து கூப்பிடுவேன்னு. வரல. அதான் பேசாம இருந்தேன்."

"முருங்கைக் கொப்புனாலதானே..."

"கொப்பு கெடக்கு. அது எனக்கே எடைஞ்சலாத்தான் இருந்துச்சி."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கே உட்கார்ந்தேன் என்றால், நாற்காலியில், இவருடைய வேட்டியின் மேல். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் என் மனசு முழுக்க அங்கே இல்லை. மூன்று வாரமாக எதை எதையோ எடை போட்டேன், கட்டினேன், பிரித்தேன், அடுக்கினேன். உங்க இஷ்டம் என்றேன். இருந்தாலும் சரி என்றேன். 'வாங்க' என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொந்தப் புருஷன்தானே, இவரை வேறு கூப்பிடணுமா என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழையாமல் கடைவரை போய் வெற்றிலையும் பழமும் வாங்கிவந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு இவர் வந்து, முகம் கழுவி, காப்பி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு நேற்றைய பட்டுப்புடவையையே கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, என் வீட்டுக் காலிங் பெல்லை நானே அடித்தேன்.

இவர் கதவைத் திறந்தார். கையில் தாம்பாளத்தோடு நான். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், குங்குமம். பழக்க தோஷம், இவர் வாயில் முதலில் வந்தது "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்பதுதான்.

உள்ளே போனேன். கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எத்தனையோ கல்யாணத்துக்குச் சொல்லிப் பழகிய வார்த்தைகள்தான், ஆனாலும் தடுமாறினேன்.

"டென்மார்க்குல புது வீடு போறோம். உங்கள நேர்லயே கூப்பிட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். நீங்களும் பிள்ளையும் கண்டிப்பா வரணும். முந்தி வந்து, கூட இருந்து, நடத்திக் குடுக்கணும்."

இவர் தட்டை வாங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அங்க எனக்கு என்ன சோலி, வடிவு? இங்க நான் ஆவுடை சார். அங்க யாரு? உனக்குச் சோறு பொங்கிட்டு, ஜன்னல் வழியாப் பனியப் பாத்துக்கிட்டு இருக்கணும். நீ வேலைக்குப் போயிருவ. எனக்கு அந்த ஊரு பாஷையில வழி கேக்கக்கூடத் தெரியாது. பயமா இருக்கு."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை இப்போதுதான் கேட்கிறேன். எனக்கும் அதையே சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னேன்.

"எனக்கும்தான் பயமா இருக்கு. நான் தைரியமா இருக்கேன்னு எல்லாரும் நெனைக்கிய. நீங்க இல்லாம என்னால அங்க இருக்க முடியாது. உங்க இஷ்டம்னு சொன்னது பொய். என் இஷ்டம், நீங்க வரணும்."

வெளியே எவனோ "சார் வணக்கம்" என்று கத்திக்கொண்டு சைக்கிளில் போனான். இவர் பதில் வணக்கம் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் நீட்டித் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

"பத்தாங்கிளாஸ் பரீட்சை முடியணும்" என்றார். "பிள்ளைகள நட்டாத்துல விட்டுட்டு வர முடியாது. மே மாசம் வாரோம்."

"குடும்பத்தோட வரணும்."

"வாரோம், வாரோம்."

அமுதினி இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "என்னைய யாரும் கூப்பிடல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. அவளுக்கும் தனியாக வெற்றிலையில் ஒரு பழம் வைத்துக் கொடுத்துக் கூப்பிட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பாலைக் குடிக்கச் சொன்னார், குடித்தேன். காரை எஸ்தர் டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தினோம். பிரம்பு நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிய இவர், "என்ன கனம் கனக்கு" என்றார், நாற்காலியில் கிடந்ததையெல்லாம் தாமே திரும்ப உள்ளே வைத்ததை மறந்துவிட்டு. டீச்சர் என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். ஜெபம் முடியும்வரை இவர் கண்ணை மூடிக் கைகட்டி நின்றார்.

வழியெல்லாம் மழை. அமுதினி என் மடியில் தூங்கிவிட்டாள். இறங்கும்போது எழுந்து அழுதாள். நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன். அழுதேன், கார் டிரைவர் பார்க்கும்படியாகவே அழுதேன்.

உள்ளே போகிற வாசலில் போலீஸ்காரர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அதற்குமேல் இவர்கள் வர முடியாது. நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு போயிருப்பேன், பின்னாலிருந்து இவர் வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார். விருந்துக்குப் போகிறவர்கள் கேட்கிற கேள்விதான்.

"வடிவு! வரும்போது என்ன கொண்டு வரணும்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் கொண்டு வர வேண்டாம். வெறுங்கையோட வாங்க" என்று கத்தினேன்.

சோதனையெல்லாம் முடிந்து இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான், பெருங்காயம் எடுத்துவைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. போன் கையில்தான் இருக்கிறது. வெறுங்கையோடு வரச் சொல்லியாயிற்று, இவரைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை.